புள்ளியோட புளிச்ச தீனிப்பை: அஞ்சு வாரக் கணக்கு

இன்னிக்கு விடியக்காலைல கூட்டுக்குள்ள கைய விட்டு எங்க கோழி புள்ளியோட நெஞ்சுக்கு மேல தடவிப் பார்த்தேன், தீனிப்பை, அதாவது தின்ன தீனி முதல்ல போய்த் தங்குற பை, தொளதொளன்னு காலியா இருந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்ல. மருந்து நிறுத்தி இது ஏழாவது நாள், ஏழு நாளும் காலைல இப்படித்தான் இருக்கு. அதனாலதான் இப்ப தைரியமா எழுத உக்காந்திருக்கேன், ஏன்னா இதுக்கு முன்னாடி ஒரு தடவை சரியாயிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி நாலே நாள்ல மூக்குடைபட்ட ஆளு நான்.

எங்கிட்ட மொத்தம் அஞ்சு கோழி. புள்ளிக்கு ஒண்ணரை வயசு, கருப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி, கூப்பிட்டா ஓடி வந்து செருப்பைக் கொத்துற ரகம். முதல் நாள் காலைல கூட்டைத் திறந்ததும் மத்த நாலும் முண்டியடிச்சு வெளிய வந்துச்சுங்க, இவ மட்டும் உள்ளயே உப்பிக்கிட்டு நின்னா. கழுத்தை அப்பப்ப பாம்பு மாதிரி நெளிச்சு நெளிச்சு எதையோ விழுங்கப் பாக்குற மாதிரி ஒரு அசைவு. நெஞ்சுல வலது பக்கமா ஒரு உருண்டை தெரிஞ்சுது, ஆனா நான் என்ன நினைச்சேன்னா, நேத்து சாயங்காலம் நல்லா தின்னிருக்கா போல. இங்கதான் முதல் தப்பு. சாயங்காலம் தீனிப்பை உருண்டையா இருக்கறது சகஜம், ராத்திரி பூரா அது மெல்ல மெல்ல கீழ இறங்கி காலைல தீனி வைக்கிறதுக்கு முன்னாடி காலியா இருக்கணும். காலைலயும் உருண்டை இருந்தா ஏதோ கோளாறு. இது தெரியாம ரெண்டு நாள் ஓட்டிட்டேன்.

மூணாவது நாள் தூக்கிப் பார்த்தப்ப தண்ணி ஊத்துன பலூன் மாதிரி இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் போகுது. அலகைத் திறந்து மோந்து பார்த்தேன், ஒரு வாரம் மூடி வெச்ச மாவைத் திறந்தா வருமே அந்தப் புளிச்ச வாடை, கண்ணே கரிக்குது. எச்சம் பச்சை நிறத்துல தண்ணியா இருந்துச்சு, கெட்டியா ஒண்ணும் இல்ல. தீனிப்பை கல்லு மாதிரியோ பிசைஞ்ச மாவு மாதிரியோ கெட்டியா இருந்தா அடைப்பு, இப்படி தளும்பி புளிச்ச வாடை அடிச்சா பூஞ்சை, இவ்வளவுதான் அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது. ரெண்டும் ஒரே பைல ஒண்ணா இருக்கலாம்ங்கறது தெரியாது. இந்த ஒரு விஷயம் தெரியாம போனதுதான் மூணு வாரத்துல முடிய வேண்டியத அஞ்சு வாரம் இழுத்துச்சு.

இப்ப நான் பண்ணின கூத்து.

தலைகீழா புடிச்சு வாந்தி எடுக்க வைக்கணும்னு யாரோ சொன்னதக் கேட்டு அப்படியே பண்ணேன். கால் ரெண்டையும் சேர்த்துப் புடிச்சு முன்னாடி சாய்ச்சு தீனிப்பைய கீழ்நோக்கித் தடவினேன், மஞ்சளா நுரையா ஒரு கால் டம்ளர் கொட்டுச்சு. எனக்கு சந்தோஷம். அடுத்த வினாடி புள்ளி வாயைத் திறந்துக்கிட்டு மூச்சுக்குத் தவிக்குது, கொண்டை நீலமாகுது, கண்ணு சொருகுது. நிமிர்த்திப் புடிச்சு தலைய மட்டும் கீழ சாய்ச்சு வெச்சதும் ரெண்டு தடவை தும்முற மாதிரி உதறி மூச்சு வந்துச்சு. பத்து செகண்ட் இருக்கும், எனக்கு பத்து நிமிஷம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் டாக்டர் வாயைத் திறந்து காட்டினாங்க, நாக்குக்குப் பின்னாடியே ஒரு சின்னக் கீறல் திறந்து திறந்து மூடுது, அதுதான் மூச்சுக்குழாய் வாசல். மூடி வைக்க மேல ஒரு தட்டி கிடையாது. புளிச்ச தண்ணி அது வழியா நுரையீரலுக்குப் போச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது. அன்னிக்கு அவ பொழைச்சது என் சாமர்த்தியம் இல்ல.

அதோட விட்டேனா, இல்ல. எண்ணெய் 5 மில்லி ஊத்தி தடவி விட்டேன். இதெல்லாம் காஞ்ச அடைப்புக்குச் சொல்ற வைத்தியம், தண்ணியா தளும்புற பைய அமுக்கினா அது மேலதான் ஏறும். சரி தெம்பா எதாவது தின்னட்டும்னு ரொட்டிய பால்ல ஊறப்போட்டு வெச்சேன். பூஞ்சைக்கு மாவுச்சத்துன்னா விருந்து, பாலும் கோழிக்குச் சரியா செரிக்காது, அதாவது நோயாளிய விட்டுட்டு நோய்க்கு சாப்பாடு போட்டிருக்கேன். கடைசியா குடிக்கிற தண்ணில வினிகர் கலந்து வெச்சேன், 4 லிட்டருக்கு 15 மில்லின்னு கணக்கா அளந்துதான். புள்ளி அதைத் தொடவே இல்ல. காலைல 300 மில்லி அளந்து வெச்சது சாயங்காலம் 260 இருந்துச்சு. நல்லா இருக்கற கோழி ஒரு நாளைக்கு 200 மில்லிக்கு மேல குடிக்கும், இவ 40 தான் குடிச்சிருக்கா. உடம்பு சரியில்லாத ஜீவனுக்கு தண்ணியையும் குடிக்க முடியாம பண்ணிட்டோமேன்னு ராத்திரியே கொட்டிட்டு நல்ல தண்ணி வெச்சேன்.

நாலாவது நாள் டாக்டர்கிட்ட போனோம். தொண்டைல பஞ்சுக் குச்சி விட்டு துடைச்சு கண்ணாடித் தகட்டுல தேய்ச்சு மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க. என்னையும் பார்க்கச் சொன்னாங்க, முட்டை முட்டையா, ஒவ்வொண்ணுல இருந்தும் ஒரு சின்ன மொட்டு முளைச்சுக்கிட்டு. கேண்டிடான்னு சொல்ற ஈஸ்ட் பூஞ்சை. இதே மாதிரி வாய்நாத்தமும் வெள்ளைத் திட்டும் இன்னொரு ஒட்டுண்ணியாலயும் வரும், அதுக்கு மருந்தே வேற, அதனால பார்க்காம மருந்து குடுக்கறது இருட்டுல கல்லெறியற மாதிரின்னாங்க. எடை போட்டா 1.62 கிலோ. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கிட்டு இருந்துச்சு. "இதுக்கு முந்தி எவ்வளவு இருந்துச்சு"ன்னு கேட்டாங்க, எங்கிட்ட பதில் இல்ல, ஒரு தடவை கூட எடை போட்டது கிடையாது. இன்னொன்னு, அந்த 1.62 பொய்க் கணக்கு, தீனிப்பைல நிக்கிற தண்ணியே நூறு கிராமுக்கு மேல இருந்திருக்கும். நிஜ எடை ஒண்ணரைக்குப் பக்கம்.

மருந்து நிஸ்டாட்டின், குழந்தைகளுக்கு வாய்ல வர்ற வெள்ளைப் பூஞ்சைக்குக் குடுப்பாங்களே அந்த மஞ்சள் சொட்டு மருந்துதான். 1 மில்லில 1 லட்சம் யூனிட் இருக்கும். கிலோவுக்கு 3 லட்சம் யூனிட்னு கணக்குப் போட்டு வேளைக்கு 4.8 மில்லி, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. இது ரத்தத்துல ஏறி வேலை செய்யற மருந்து இல்ல, பூஞ்சை மேல நேரா பட்டாத்தான் வேலை செய்யும், அதனால தீனிப்பை காலியா இருக்கும்போது குடுக்கணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. முதல் 12 மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணி மட்டும், காலி ஆகலைன்னா கூட்டிட்டு வாங்க, டியூப் போட்டு கழுவணும்னும் சொன்னாங்க.

இதுல நான் எதைக் கேட்டேன் எதை விட்டேன்னு இப்ப யோசிச்சா எனக்கே சிரிப்பு வருது. 12 மணி நேரம் பட்டினி போட்டேன், மறுநாள் காலைல தொட்டா பாதி குறைஞ்சிருந்துச்சு. பாதி. காலி இல்ல. ஆனா பாதி குறைஞ்சதே பெருசுன்னு மருந்தை ஆரம்பிச்சுட்டேன். அரை டம்ளர் புளிச்ச தண்ணிக்குள்ள 4.8 மில்லி மருந்தை ஊத்தினா அது கரைஞ்சு எங்க போய் எதைத் தொடும்.

மருந்து குடுக்கறதும் ஒரு வித்தைதான். முதல் வேளை 5 மில்லி சிரிஞ்சால ஒரே அமுக்கு, பாதி என் சட்டைல. அப்புறம் பழகிப்போச்சு, துண்டுல இறக்கை ரெண்டும் அசையாத மாதிரி சுத்தி, மடில வெச்சு, இடது கை விரலால தாடிய லேசா கீழ இழுத்தா வாய் தானா திறக்கும், அலகோட ஓரத்துல அரை அரை மில்லியா சொட்டு விட்டா அவளே முழுங்கிக்குவா. ஒரு வேளைக்கு ஆறு நிமிஷம். அவசரப்பட்டா மூணு நிமிஷத்துலயும் முடிக்கலாம், ஆனா துணி துவைக்கற வேலை கூட சேரும்.

30 மில்லி பாட்டில் மூணு நாள்ல தீர்ந்துச்சு. கணக்குப் போட்டா தெரிஞ்சிருக்கும், ஒரு நாளைக்கு 9.6 மில்லி. இன்னொரு பாட்டில் வாங்கினேன், அதுவும் ஆறாம் நாள் முடிஞ்சுது. அதுக்குள்ள புள்ளி சுறுசுறுப்பா ஆயிட்டா, வாடை போயிடுச்சு, எச்சம் கெட்டியாச்சு. காலைல தொட்டா ஒரு நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டுச்சு, அது கொஞ்சம் தீனி மிச்சம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். குறைஞ்சது பத்து நாள் குடுக்கணும்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சு, ஆனா மூணாவது பாட்டில் வாங்கப் போகல. வெளிய விட்டேன். புல்லு, புழு, மண்ணுன்னு ஒரே மேய்ச்சல்.

பதினாலாம் நாள் காலைல மறுபடி பலூன். அதே வாடை.

தங்கச்சிதான் அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டா. "அண்ணே, மத்த நாலும் இதே தீனி இதே தண்ணிதான, அதுங்களுக்கு ஏன் வரல?" எனக்கு சுருக்குன்னுச்சு. நான் இதுவரைக்கும் பூஞ்சைய எப்படி அழிக்கறதுன்னுதான் பார்த்தேன், பூஞ்சை ஏன் இவ தீனிப்பைல மட்டும் வந்து குடியேறுச்சுன்னு யோசிக்கவே இல்ல. கோழி உடம்பு சூடு 41 டிகிரி இருக்கும், அந்தச் சூட்டுல ஈரத் தீனி நாள் கணக்குல நகராம நின்னா புளிக்காம என்ன பண்ணும். ஆக கேள்வி, ஏன் நகரல.

அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடினோம். இந்தத் தடவை டியூப் போட்டு தீனிப்பைய மொத்தமா காலி பண்ணாங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். சிவப்பு ரப்பர் டியூப், 16 நம்பர், அந்த நம்பரை மூணால வகுத்தா டியூப்போட விட்டம் மில்லிமீட்டர்ல வரும், அதாவது 5.3 மில்லிமீட்டர் சொச்சம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணி உள்ள விட்டு உறிஞ்சி, மறுபடி விட்டு உறிஞ்சி, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும். முதல்ல உறிஞ்சினது மட்டும் 110 மில்லி. காலியான தீனிப்பைய வெளியில இருந்து விரலால உருட்டிப் பார்த்துட்டு "கைய வெச்சுப் பாருங்க"ன்னாங்க. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முடிச்சு, அமுக்கினா பஞ்சு மாதிரி லேசா அமுங்கி மறுபடி எழும்புது. நான் நெல்லிக்காய்னு நினைச்சு விட்டது இதுதான், தண்ணி இருந்தப்ப கைக்கு அகப்படல.

எடை 1.58ல இருந்து காலி பண்ணதும் 1.46. இதுதான் நிஜம்.

எண்ணெயும் தண்ணியும் விட்டு உருட்டிப் பார்த்தாங்க, அசையல. அறுத்துத்தான் எடுக்கணும்னாங்க. மறுநாள் காலைல நாள் குறிச்சாச்சு. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி தீனிப்பைய மறுபடி ஒரு தடவை காலி பண்ணாங்க, இல்லைன்னா மயக்கத்துல படுத்திருக்கும்போது தண்ணி மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். மூக்கு வாய் மூடற மாதிரி ஒரு மாஸ்க் வெச்சு மயக்கம். அந்த இடத்து இறகைப் பிடுங்கி சுத்தம் பண்ணி, ரத்தக் குழாய் இல்லாத இடமா பார்த்து ரெண்டு சென்டிமீட்டர் வெட்டு. தோலுக்கு ஒரு வெட்டு, பைக்கு ஒரு வெட்டு. அப்புறம் வெளிய எடுத்ததப் பார்த்தப்ப என் முகம் எப்படி இருந்துச்சோ தெரியல.

காஞ்ச புல்லுத் தண்டு ஒரு கத்தை, அதைச் சுத்தி சுத்தி வெள்ளை நூல். சாக்கு நூல். தீவன மூட்டையோட வாய தைச்சிருப்பாங்களே, ஒரு முனையப் புடிச்சு சர்ருன்னு இழுத்தா மொத்தமா உருவிக்கிட்டு வருமே, அதே நூல். ஒவ்வொரு மூட்டை திறக்கும்போதும் அந்த உருவற சுகத்துக்காகவே நான் கத்திரிக்கோல் எடுக்க மாட்டேன். உருவி அப்படியே கீழ போட்டுடுவேன். புள்ளிதான் எப்பவும் மூட்டைப் பக்கத்துல காலைச் சுத்திக்கிட்டு நிப்பா. புழுன்னு நினைச்சு முழுங்கியிருக்கா.

வீட்டுக்குக் கொண்டு வந்து கழுவி அளந்தேன், எதுக்குன்னு கேக்காதீங்க, மனசு கேக்கல. நூல் ரெண்டு துண்டு, ஒண்ணு 38 சென்டிமீட்டர், இன்னொண்ணு 21. புல்லுத் தண்டுல நீளமானது 14 சென்டிமீட்டர். ஈரத்தோட மொத்தம் 23 கிராம். ஒரு முனை தீனிப்பைல இருந்து கீழ இறங்குற வாசலுக்குள்ள போயிருந்துச்சாம், அதை ரொம்ப மெதுவா இழுத்துப் பார்த்து, தடங்கல் இல்லாம வந்ததால எடுத்தாங்க. கீழ அரைவைப்பை வரைக்கும் போய் சிக்கியிருந்தா இழுக்கவே கூடாது, குடலையே அறுத்துடும்னாங்க. வெளிய வாய்ல நூல் தொங்கினாக்கூட புடிச்சு இழுக்கக் கூடாதாம், இது எனக்கு புதுசு.

வீட்டுக்கு வந்தப்புறம் நடந்ததுதான் எனக்கு நிஜமான வேலை. நாய்க்குப் போடற கம்பிக் கூண்டுல கீழ பழைய துண்டு விரிச்சு வெச்சேன், வைக்கோல் கூடாது, திரும்ப அதைத் தின்னா என்ன ஆகறது. அன்னிக்கு ராத்திரி எலக்ட்ரோலைட் தண்ணி 15 மில்லி மட்டும். மறுநாள் தானா தின்பான்னு பார்த்தா தின்னல, டியூப்தான். டாக்டர் ஒரு தடவை செஞ்சு காட்டி, அடுத்ததை என்னைச் செய்யச் சொல்லி, கை நடுங்காம வர்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க, அப்புறம்தான் டியூப்பையே கைல குடுத்தாங்க. யாராவது நேர்ல காட்டாம இதைச் செஞ்சு பார்க்காதீங்க.

செய்யற விதம் இது. டியூப்பை கோழிக்குப் பக்கத்துல வெச்சு அலகு நுனில இருந்து தீனிப்பை வரைக்கும் அளந்து பேனாவால கோடு போடணும். புள்ளிக்கு 15 சென்டிமீட்டர், ஆனா தையல் இருக்கறதால நுனி குத்திடக் கூடாதுன்னு 13ல நிறுத்தச் சொன்னாங்க. கழுத்தை மேல நீட்டி, கோழியோட இடது வாயோரத்துல நுழைச்சு, நாக்கைத் தாண்டி, அதோட வலது கழுத்துப் பக்கமா இறக்கணும். நடுவுல இருக்கறது மூச்சுக்குழாய், உணவுக்குழாய் கழுத்துல வலது பக்கமா இறங்குது. உள்ள போனதும் கழுத்தை விரலால தடவினா ரெண்டு குழாய் தனித்தனியா தட்டுப்படணும், ஒண்ணு வளையம் வளையமா இருக்கற மூச்சுக்குழாய், இன்னொண்ணு நம்ம டியூப். ரெண்டும் தெரியலைன்னா வெளிய எடுத்துட்டு மறுபடி ஆரம்பி. அப்புறம்தான் சிரிஞ்சை அமுக்கணும்.

தீனிக்கு லேயர் பெல்லட்டை, முட்டைக் கோழிக்குப் போடற குச்சித் தீவனத்தை, மிக்ஸில பொடி பண்ணி வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறப்போட்டேன். முதல் வேளையே டியூப் அடைச்சுக்கிச்சு. பலம் போட்டு அமுக்கினேன், சிரிஞ்சு வாய்ல இருந்து டியூப் கழண்டு என் மூஞ்சி, தங்கச்சி மூஞ்சி, கூரை வரைக்கும் கூழ். அதுக்கப்புறம் டீ வடிகட்டில ரெண்டு தடவை வடிச்சு, நீர்மோர் பதத்துக்கு கரைச்சா சிக்கல் இல்லாம போச்சு. 60 மில்லி சிரிஞ்சுல முனை அகலமா இருக்கறது வாங்கணும், ஊசி மாட்டற சின்ன முனை இதுக்கு ஆகாது. சூடு தெர்மாமீட்டர் வெச்சு 39 டிகிரி பார்த்தேன், ஆறிப்போனா தீனிப்பை அசையாம அப்படியே நிக்குது, அதிகச் சூடா இருந்தா உள்ள வெந்துடும்.

அளவு, அறுவைல இருந்து எண்ணினா ரெண்டாம் நாள் 20 மில்லி நாலு வேளை, மூணாம் நாள் 30 மில்லி நாலு வேளை. ஒவ்வொரு வேளைக்கு முன்னாடியும் தீனிப்பையத் தொட்டு முந்தின வேளை இறங்கிடுச்சான்னு பார்த்தப்புறம்தான் அடுத்தது. ஒரே ஒரு தடவை இறங்காம இருந்துச்சு, மூணாம் நாள் மத்தியானம், அந்த வேளைய விட்டுட்டேன், ரெண்டு மணி நேரத்துல இறங்கிடுச்சு. நாலாம் நாள் காலைல கூண்டுக்குள்ள பொடி பெல்லட்டை நனைச்சு வெச்சேன், தலைய சாய்ச்சு ஒரு கண்ணால பார்த்துட்டு ஒரு கொத்து. அப்புறம் இன்னொண்ணு. டியூப்பைக் கழுவி எடுத்து வெச்சுட்டேன்.

நிஸ்டாட்டின் இந்தத் தடவை ஒழுங்கா. காலி எடை 1.46க்கு வேளைக்கு 4.4 மில்லி, 14 நாளைக்கு 123 மில்லி சொச்சம், அஞ்சு பாட்டில் முதல் நாளே வாங்கி வரிசையா வெச்சேன். காலைல தீனிக்கு முன்னாடி வெறும் வயித்துல ஒரு வேளை, அரை மணி நேரம் கழிச்சுத்தான் தீனி. சாயங்காலம் அது கஷ்டம், அதனால நாலு மணிக்கு தீனிக் கிண்ணத்தை எடுத்துட்டு ஏழு மணிக்கு மருந்து. வலி மருந்தும் முதல் நாலு நாள் இருந்துச்சு. இந்த நாட்கள்ல ரெண்டு முட்டைதான் போட்டா, ரெண்டையும் தூக்கிப் போட்டாச்சு, மருந்து நிறுத்தின அப்புறமும் எப்ப வரைக்கும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட தேதி வாங்கி காலண்டர்ல எழுதி வெச்சிருக்கேன்.

எடை தினமும் காலைல தீனிக்கு முன்னாடி. சமையலறைத் தராசுல ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு அதுக்குள்ள அவளை உக்கார வெச்சா சமர்த்தா உக்காந்துக்குவா. மூணாம் நாள் 1.41, அதுதான் பாதாளம், அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல. ஒரு வாரத்துல 1.49, ரெண்டு வாரத்துல 1.62, இன்னிக்கு 1.71. கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கா, அவ 1.84, அந்தக் கணக்குல பார்த்தா இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு. தையல் பன்னண்டாம் நாள் பிரிச்சாங்க. அந்த இடத்துல இறகு இப்பதான் முளைக்குது, சின்னச் சின்ன குச்சியா.

கூட்டத்துல திரும்ப விட்டது தனிக் கூத்து. பகல்ல நேரா விட்டேன், ரெண்டு நிமிஷத்துல நாலும் சேர்ந்து கொண்டையக் கொத்தி ரத்தம். ரெண்டு வாரம் கண்ணுல படாம இருந்ததால அவ புதுக் கோழி ஆயிட்டா. மறுபடி கூண்டுல போட்டு கூண்டையே அதுங்க மேயற இடத்துல மூணு நாள் வெச்சு, நாலாம் நாள் ராத்திரி எல்லாம் தூங்கினப்புறம் பக்கத்துல கொண்டு போய் உக்கார வெச்சேன். முதல் நாள்ல இருந்தே கூண்டை வீட்டுக்குள்ள வைக்காம அதுங்க கண்ணு முன்னாடி வெச்சிருந்தா இந்த வேலை மிச்சம்.

இப்ப மாத்தியிருக்கறது, மூட்டை வாய கத்திரிக்கோலால வெட்டறேன், உருவறது இல்ல, வெட்டின நூல் மூடி போட்ட டப்பாக்குள்ள போகுது, மூட்டைய கோழி வராத இடத்துல வெச்சுத்தான் திறக்கறேன். புல்லு வெட்டிப் போடறதா இருந்தா விரல்கடை நீளத்துக்கு மேல இல்லாம நறுக்கித்தான். தனிக் கிண்ணத்துல கிரிட் கல்லு வெச்சிருக்கேன், இத்தனை நாள் கிளிஞ்சல் வெச்சா போதும்னு நினைச்சிருந்தேன், அது கரைஞ்சு முட்டை ஓட்டுக்குப் போற சுண்ணாம்பு, தீனிய அரைக்க கரையாத கல்லுதான் வேணும். அஞ்சுக்கும் மாசம் ஒரு தடவை எடை. காலைல கூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ஒரு தடவு, அஞ்சுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் கூட ஆகாது. முதல் தடவையே டாக்டர் சொன்னபடி காலி ஆகலைன்னதும் திரும்பப் போயிருந்தா அந்த முடிச்சு அன்னிக்கே கைக்கு அகப்பட்டிருக்கும், பத்து நாள் மிச்சம், அறுவை இல்லாம கூட முடிஞ்சிருக்குமோ என்னமோ. ஒரே விஷயம் பாக்கி, சாயங்காலம் நிறைஞ்சிருக்கும்போது தீனிப்பை முன்ன விட கொஞ்சம் தொங்குற மாதிரி தெரியுது. ரொம்ப நாள் பாரத்துல இழுபட்டதால தசை தளர்ந்திருக்கும்னாங்க. காலைல காலியாகற வரைக்கும் கவலை இல்ல, தொங்கறது கூடினா கச்சை மாதிரி ஒரு கட்டு போட வேண்டியிருக்கும், ஒட்டுற பேண்டேஜ் துணி எடுத்து வெச்சிருக்கேன்.

நேத்து புது மூட்டை திறந்தேன். கதவைச் சாத்திட்டுத்தான் வெட்டினேன். வெளிய வந்து பார்த்தா என் சட்டைக் கைல ஒரு துண்டு நூல் ஒட்டிக்கிட்டு தொங்குது, புள்ளி கழுத்தை நீட்டி அதையே பார்த்துக்கிட்டு நிக்கிறா.